எச்ஓஏ உள்ள வீட்டை வாங்கலாமா? அமெரிக்கத் தமிழ் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவில் வீடு வாங்கப் புறப்படும் தமிழ்க் குடும்பங்கள் வட்டி விகிதத்தையும் பள்ளியின் தரத்தையும் பல மாதங்கள் ஆராய்கின்றன. ஆனால், அந்த வீட்டோடு ஒட்டிக்கொண்டு வரும் வீட்டு உரிமையாளர் சங்கத்தின் (எச்ஓஏ) பத்திரங்களைக் கையெழுத்திடும் நாளன்றுதான் புரட்டிப் பார்க்கின்றன. அந்நாட்டில் இத்தகைய சங்கங்கள் மூன்றரை லட்சத்துக்கும் மேல் உள்ளன. ஏழு கோடிக்கும் அதிகமானோர் அவற்றின் விதிகளுக்கு உட்பட்டு வாழ்கிறார்கள். நான் குடியிருந்த இடத்தின் சங்கத்தில் ஆறு ஆண்டுகள் பொருளாளராக இருந்தவன் என்பதால், இந்த மாதம் வந்த கேள்விகளுள் எச்ஓஏ தொடர்பானவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

டெக்சாஸில் செலைனா பகுதியில் புதிதாகக் கட்டப்படும் தனி வீடு ஒன்றுக்கு முன்பணம் கட்ட இருக்கிறோம். ஆண்டுக்கு 900 டாலர் எச்ஓஏ கட்டணம் என்கிறார்கள். "எச்ஓஏ இல்லாத வீடாகப் பாருங்கள்" என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எது சரி?

உங்கள் நண்பர்களின் அறிவுரை பழைய நகர்ப்பகுதிகளுக்குப் பொருந்தும். டாலஸுக்கு வடக்கே இப்போது எழும் புதிய குடியிருப்புகளில் எச்ஓஏ இல்லாத வீட்டைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். மழைநீர் தேங்கும் குளங்கள், பூங்காக்கள், நடைபாதைகள், நுழைவாயில் ஆகியவற்றைப் பராமரிக்கும் செலவைத் தங்கள் தலையில் ஏற்றிக்கொள்ள நகர நிர்வாகங்கள் விரும்புவதில்லை. அதனால் மனைப்பிரிவுக்கு அனுமதி தரும்போதே அந்தப் பொறுப்பு கட்டுமான நிறுவனத்தின் வழியாக வீட்டுக்காரர்களிடம் வந்துவிடுகிறது. நீச்சல் குளமும் விளையாட்டுத் திடலும் கூப்பிடு தூரத்தில் இருப்பதும், பக்கத்து வீட்டின் புல் முழங்கால் உயரம் வளராமல் இருப்பதும், யாரும் முன்வாசலில் பழுதான காரை மாதக்கணக்கில் நிறுத்திவைக்க முடியாதிருப்பதும் உண்மையான நன்மைகளே. சிறு குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு 900 டாலர் வீண் செலவு என்று நான் சொல்லமாட்டேன்.

இதற்கு ஈடாக நீங்கள் விட்டுக்கொடுப்பது, உங்கள் சொந்த வீட்டின் வெளித்தோற்றத்தைத் தீர்மானிக்கும் உரிமையை. சுவரின் நிறம், வேலியின் உயரம், முன்தோட்டத்தில் நடும் மரம், கேரேஜ் வாசலில் நிற்கும் வேன் என ஒவ்வொன்றுக்கும் விதி உண்டு. பெரும்பாலான மாற்றங்களுக்கு முன்னதாக எழுத்துமூல ஒப்புதல் பெற வேண்டும். இந்த விதிகள் அடங்கி, கவுண்டி அலுவலகத்தில் பதிவான நிபந்தனைப் பத்திரம் நிலத்தோடு செல்வது; வீடு கைமாறினாலும் புதிய உரிமையாளரைக் கட்டுப்படுத்தும். நீங்கள் படித்தீர்களா இல்லையா என்பது ஒரு பொருட்டே அல்ல. வீட்டிலிருந்தபடி நடனப் பள்ளியோ உணவுத் தொழிலோ நடத்தும் எண்ணம் இருந்தால், அந்தப் பத்திரத்தில் வணிகப் பயன்பாடு பற்றிய பகுதியை முதலில் படியுங்கள்.

புதிய குடியிருப்பு என்பதால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மனைகள் விற்றுத் தீரும் வரை சங்கத்தை நடத்துவது கட்டுமான நிறுவனமே. விற்பனைக்கு உதவியாகக் கட்டணத்தை அது குறைவாகவே வைத்திருக்கும். வரவு செலவில் துண்டு விழுந்தால் தானே போட்டு நிரப்பவும் செய்யும். நிர்வாகம் உரிமையாளர்களின் கைக்கு வந்த மறு ஆண்டே கட்டணம் ஏறுவதைப் பார்த்திருக்கிறேன். டெக்சாஸ் சட்டப்படி, 75 விழுக்காடு மனைகள் விற்ற 120 நாட்களுக்குள் நிர்வாகக் குழுவில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கினரை உரிமையாளர்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆகவே விற்பனை எந்தக் கட்டத்தில் இருக்கிறது, பற்றாக்குறையை இப்போது யார் ஈடுகட்டுகிறார்கள் என்ற இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். புறநகர்களில் குடிநீர், கழிவுநீர் வசதிக்காக விதிக்கப்படும் மட் வரி எச்ஓஏ கட்டணத்தோடு சேராத தனிச் செலவு என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

நியூ ஜெர்சியில் பிளெயின்ஸ்போரோ பக்கம் 1980களில் கட்டிய இரண்டு கான்டோக்களை (அடுக்குமாடியில் சொந்தமாக வாங்கும் வீடு) பார்த்தோம். ஒன்றில் மாதக் கட்டணம் 380 டாலர், மற்றதில் 520 டாலர். வீடுகள் ஒரே அளவு. குறைந்த கட்டணம் உள்ளதை வாங்குவதுதானே புத்திசாலித்தனம்?

இந்த மாதம் வந்தவற்றில் மிக முக்கியமான கேள்வி இதுவே. பதில், பெரும்பாலும் அல்ல என்பதுதான். தனி வீட்டில் கூரை உங்களுடையது; ஒழுகினால் உங்களுக்கே தெரியும், நீங்களே சரிசெய்வீர்கள். கான்டோவில் கூரை, வெளிச்சுவர், குழாய்கள், வாகன நிறுத்துமிடம் யாவும் பொதுச் சொத்து. நாற்பது வயதான கட்டடத்தில் இவை ஒவ்வொன்றாக ஆயுள் முடியும் நிலையில் இருக்கும். அவற்றை மாற்றுவதற்கான பணத்தைச் சங்கம் ஆண்டுதோறும் சேமநிதியில் போட்டு வந்திருந்தால் கட்டணம் 520 ஆக இருக்கும். போடாமல் தள்ளிவந்திருந்தால் 380 ஆக இருக்கும். இரண்டாம் வகைச் சங்கத்தில் ஒருநாள் ஸ்பெஷல் அசெஸ்மென்ட் என்ற பெயரில் வீட்டுக்கு இத்தனை ஆயிரம் டாலர் என்று கடிதம் வரும். முந்தைய உரிமையாளர்கள் இருபது ஆண்டுகளாகக் கட்டாத பணத்தை, போன மாதம் குடிவந்த நீங்கள் கட்டுவீர்கள்.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை ஃபுளோரிடாவின் சர்ஃப்சைடு நகரம் காட்டியது. 1981இல் கட்டப்பட்ட சாம்ப்லெய்ன் டவர்ஸ் சவுத் என்ற 12 மாடிக் கான்டோ 2021 ஜூன் 24 அன்று நள்ளிரவு கடந்த வேளையில் இடிந்து விழுந்ததில் 98 பேர் இறந்தார்கள். கான்கிரீட் சிதைவு குறித்து 2018லேயே ஒரு பொறியாளரின் அறிக்கை எச்சரித்திருந்தது. ஆனால் சேமநிதி போதவில்லை; பழுதுபார்ப்புச் செலவு பற்றி உரிமையாளர்களிடையே நீண்ட வாக்குவாதம் நடந்தது. ஏறத்தாழ ஒன்றரைக் கோடி டாலர் வசூலுக்கு ஒப்புதல் கிடைத்த சில வாரங்களில் கட்டடம் விழுந்துவிட்டது. இடிந்ததற்கான தொழில்நுட்பக் காரணங்கள் பல இருக்கலாம். ஆயினும் பராமரிப்பைத் தள்ளிப்போடும் மனநிலையை நான் அமர்ந்த கூட்டங்களிலும் கண்டிருக்கிறேன். "இந்த ஆண்டு வேண்டாம், அடுத்த ஆண்டு பார்ப்போம்" என்று கை உயர்த்தியவர்கள் எல்லாரும் நல்ல மனிதர்கள்தான்.

அதன் பிறகு சட்டங்கள் மாறின. ஃபுளோரிடா 2022இல் மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள கான்டோக்களுக்குக் கட்டமைப்புச் சேமநிதியைக் கட்டாயமாக்கியது. நியூ ஜெர்சி 2024 ஜனவரியில் இயற்றிய சட்டம், ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது ரிசர்வ் ஸ்டடி எனும் சேமநிதி ஆய்வு செய்ய வேண்டும் என்கிறது. மிகச் சிறிய சங்கங்களுக்கு மட்டுமே விலக்கு உண்டு. ஆகவே இரு சங்கங்களிடமும் கடைசி ஆய்வு அறிக்கை, இரண்டு ஆண்டு வரவு செலவுக் கணக்கு, நிர்வாகக் கூட்டக் குறிப்புகள் ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். கூட்டக் குறிப்புகளை விடாமல் படியுங்கள். கூரை ஒழுகல், வழக்கு, காப்பீட்டுப் பிரீமியம் போன்ற சொற்கள் திரும்பத் திரும்ப வந்தால் விலையைக் குறைத்துப் பேசவோ விலகவோ அதுவே காரணம். சேமநிதி மெலிந்த கட்டடத்துக்கு வங்கிகள் கடன் தரத் தயங்குகின்றன என்பதால், நாளை நீங்கள் விற்கும்போதும் அது தடையாகும். சங்கத்தின் பொதுக் காப்பீடு உங்கள் வீட்டின் உட்புறத்தையும் உடைமைகளையும் பெரும்பாலும் காக்காது. கான்டோ உரிமையாளர்களுக்கான எச்ஓ-6 காப்பீட்டைத் தனியாக எடுத்து, சங்கத்தின் இழப்பில் உங்கள் பங்கை ஈடுகட்ட உதவும் லாஸ் அசெஸ்மென்ட் பிரிவையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஹியூஸ்டன் அருகே கேட்டியில் இருக்கிறோம். எங்கள் நீச்சல் குளம் இரண்டு கோடைகளாகப் பூட்டியே கிடக்கிறது. எதிர்ப்பைக் காட்டக் கட்டணத்தை நிறுத்திவைத்தோம். இப்போது வக்கீல் கட்டணத்தையும் சேர்த்துக் கட்டச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. என்ன செய்வது?

முதலில் பணத்தைக் கட்டுங்கள். சண்டையைப் பிறகு தொடரலாம். கோபம் நியாயமானது, ஆனால் எடுத்த வழி ஆபத்தானது. சங்கம் தன் கடமையைச் செய்யவில்லை என்பது, நீங்கள் கட்டணத்தைக் கட்டாதிருக்கக் காரணமாகப் பொதுவாக ஏற்கப்படுவதில்லை. டெக்சாஸ் அரசியலமைப்பு குடும்ப வீட்டைக் கடன்காரர்களிடமிருந்து வலுவாகக் காக்கிறது என்று பலர் நம்பியிருக்கிறார்கள். எச்ஓஏ கட்டண பாக்கிக்கு அந்தக் காப்பு செல்லாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 1987லேயே தீர்ப்பளித்துவிட்டது. பாக்கிக்காக வீட்டையே ஏலத்துக்குக் கொண்டுவர முடியும்.

எனினும் சட்டம் உங்களையும் கைவிட்டுவிடவில்லை. வீட்டை ஏலம் விட நீதிமன்ற ஆணை வேண்டும். அபராதமும் அதற்கான வக்கீல் கட்டணமும் மட்டுமே பாக்கியாக இருந்தால் ஏலம் விட முடியாது. பதினான்கு மனைகளுக்கு மேல் உள்ள சங்கம், பாக்கியைத் தவணையில் கட்ட வழி தர வேண்டும். உங்களுக்கு அது கிடைக்குமா என்று இன்றே எழுத்தில் கேளுங்கள். அதோடு, நீச்சல் குளத்துக்கான ஒப்பந்தங்களையும் செலவுக் கணக்கையும் பார்க்க வேண்டும் என்று பதிவுத் தபாலில் கேளுங்கள். பத்து வேலை நாட்களுக்குள் சங்கம் அவற்றைக் காட்ட வேண்டும், அல்லது எப்போது காட்டும் என்று பதிலளிக்க வேண்டும். அந்தக் கணக்கோடு பத்து வீட்டுக்காரர்கள் அடுத்த கூட்டத்துக்குச் சென்றால் நடக்கும் காரியம், கட்டணத்தை நிறுத்திய ஒரு குடும்பத்தால் நடக்காது.

ஆஸ்டினில் எங்கள் வாசலில் கோலம் போடுகிறோம். முன்புறத்தில் துளசி மாடம் இருக்கிறது. அனுமதியில்லாத அலங்காரம் என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. அபராதம் கட்டித்தான் ஆக வேண்டுமா?

அவசரப்பட்டுக் கட்டாதீர்கள், துளசி மாடத்தை அகற்றவும் வேண்டாம். உண்மையான சமய நம்பிக்கையால் தம் வீட்டிலோ மனையிலோ வைக்கும் சமயப் பொருட்களைச் சங்கங்கள் தடுக்க முடியாதபடி டெக்சாஸ் தன் சட்டத்தை 2021இல் விரிவாக்கியது. முன்பு அந்த உரிமை வாசற்கதவின் அளவோடு நின்றிருந்தது. பொதுநலனுக்கோ பாதுகாப்புக்கோ கேடு விளைவிப்பவை, சங்கத்தின் பொது இடத்தில் வைப்பவை, மனை எல்லையிலிருந்து விட வேண்டிய இடைவெளிக்குள் வருபவை ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு என்பதால், மாடம் எங்கே நிற்கிறது என்று அளந்து பாருங்கள். நோட்டீஸ் தபாலில் அனுப்பப்பட்ட நாளிலிருந்து 30 நாட்களுக்குள் நிர்வாகக் குழுவின் விசாரணையைக் கோரும் உரிமை உங்களுக்கு உண்டு. துளசி வழிபாடு என்ன என்பதை ஒரு பக்கத்தில் விளக்கிப் படத்துடன் அனுப்புங்கள். நோட்டீஸ் அனுப்புவது பெரும்பாலும் காரில் சுற்றிவரும் மேலாண்மை நிறுவன ஊழியர், அவர் அதை வெறும் தொட்டியாகப் பார்த்திருப்பார்.

கோலத்தைப் பொறுத்தவரை, சொந்த வாசலில் அரிசி மாவால் போடுவதைக் காப்பது எளிது. பெயின்டால் நிலையாக வரைந்திருந்தால் அது கட்டட மாற்றம் என்ற வாதத்துக்கு இடம் கொடுக்கும். கான்டோவின் பொது நடைபாதையில் போடுவது வேறு விஷயம். அந்த இடம் எல்லாருக்கும் உரியது.

ஃப்ரீமான்ட்டில் உள்ள டவுன்ஹவுஸை (பக்கச்சுவர் பகிரும் வரிசை வீடு) வாடகைக்கு விட்டு, இரண்டு ஆண்டுகள் பெற்றோருடன் இருக்கச் சென்னைக்குச் செல்கிறோம். "வாடகைக்கு விடும் ஒதுக்கீடு நிரம்பிவிட்டது" என்கிறது சங்கம்.

கலிஃபோர்னியாவில் 2020இல் இயற்றிய சட்டப்படி, வாடகை வீடுகளுக்கான வரம்பை மொத்த வீடுகளில் 25 விழுக்காட்டுக்குக் கீழே எந்தச் சங்கமும் வைக்க முடியாது. 30 நாள் வரையிலான குறுகிய கால வாடகையை மட்டும் அது தடுக்கலாம். அந்த விதி நீங்கள் வீடு வாங்கிய பிறகு வந்ததா என்றும் பாருங்கள். 2012 முதல், வாங்கிய பின் கொண்டுவரும் வாடகைத் தடை பழைய உரிமையாளரைப் பொதுவாகக் கட்டுப்படுத்துவதில்லை. இந்த இரண்டு காரணங்களையும் சுட்டி எழுதினால் பெரும்பாலும் வழி பிறக்கும்.

வட கரோலினாவில் கேரியில் வீட்டுக் கூரையில் சோலார் போட விண்ணப்பித்தோம். தெருவிலிருந்து தெரிகிறது என்று மறுத்துவிட்டார்கள்.

உங்கள் நிபந்தனைப் பத்திரத்தில் சோலார் தகடுகளைப் பெயர் சொல்லித் தடுக்கும் வரி இருக்கிறதா என்று தேடுங்கள். ராலேயில் இதேபோல் மறுக்கப்பட்ட ஒரு குடும்பத்தின் வழக்கில், அப்படி வெளிப்படையான தடை இல்லாதபோது பொதுவான அழகியல் விதியைக் காட்டி மறுக்க முடியாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 2022இல் அந்தக் குடும்பத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின் நகலை இணைத்து மறுபரிசீலனை கேளுங்கள்.

நியூ ஜெர்சியில் பள்ளி வாரியத் தேர்தலில் நிற்கிறேன். என் டவுன்ஹவுஸ் ஜன்னலில் வைத்த பிரசாரப் பலகையை எடுக்கச் சொல்கிறார்கள். பேச்சுரிமை இல்லையா?

பேச்சுரிமை பொதுவாகக் கட்டுப்படுத்துவது அரசை; எச்ஓஏ அரசு அல்ல என்பதால் இங்கே கேள்வி சிக்கலாகிறது. ட்வின் ரிவர்ஸ் குடியிருப்பின் வழக்கில் 2007இல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் சங்கத்தின் கட்டுப்பாடுகளை ஏற்றுக்கொண்டது. ஆனால் 2012இல், நகர சபைத் தேர்தலில் நின்ற பார்சிப்பனி டவுன்ஹவுஸ் உரிமையாளர் ஒருவர் தன் ஜன்னலிலும் கதவிலும் வைத்த பலகைகளைச் சங்கம் அறவே தடுத்தது செல்லாது என்றது. முழுத் தடை கூடாது. அளவு, எண்ணிக்கை பற்றிய நியாயமான வரம்புகள் விதிக்கலாம் என்பதே இன்றைய நிலை. ஆகவே சிறிய பலகையாக வைத்து, 2012 தீர்ப்பைக் குறிப்பிட்டுப் பதில் எழுதுங்கள்.

எங்கள் சங்கத்தின் நிர்வாகக் குழுவுக்கு ஆள் தேவை என்று அறிவிப்பு வந்திருக்கிறது. சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் கிடைக்கும் என்கிறாள் மனைவி. நிற்கலாமா?

நில்லுங்கள். மாதத்தில் ஓரிரு மாலைகள் போகும். பனி அகற்றும் ஒப்பந்தம், காப்பீட்டுப் புதுப்பிப்பு, பாக்கி வைத்த அண்டை வீட்டார் என்று சலிப்பூட்டும் வேலைதான். பெரும்பாலான சங்கங்களின் பொதுக்கூட்டத்துக்குக் குறைந்தபட்ச எண்ணிக்கைகூட வருவதில்லை என்பதால், தொடர்ந்து வரும் ஐந்தாறு பேர் எண்ணுவதே எல்லாருக்கும் சட்டமாகிவிடுகிறது. தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த குடியிருப்புகளிலும் நிர்வாகக் குழுவில் நம்மவர் முகத்தைக் காண முடியாதது எனக்கு நீண்ட நாள் வருத்தம். நிற்பதற்கு முன், இயக்குநர்களுக்கான பொறுப்புக் காப்பீட்டைச் சங்கம் எடுத்திருக்கிறதா என்று மட்டும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். தேர்வானால், முதல் கூட்டத்திலேயே சேமநிதி ஆய்வு அறிக்கையைக் கேளுங்கள்.