மூணாறில் ஒரு ராத்திரியைக் குறையுங்கள்

கேள்வி: உடுமலையிலிருந்து டிசம்பர் கடைசியில் காரில் கிளம்புகிறோம். நான், மனைவி, பத்து வயது மகள், முட்டிவலியுள்ள அப்பா. வெள்ளி காலை கிளம்பி திங்கள் மதியம் திரும்ப வேண்டும். மூணாறில் இரண்டு இரவு, கொச்சியில் ஒரு இரவு என்று போட்டிருக்கிறேன். பறவை பார்க்க இது சரியா? பைனாகுலர் எது வாங்கலாம்?

பதில்: ஊர்க்கணக்குப் போடாமல் காலைக்கணக்குப் போடுங்கள். காட்டுப் பறவைகளை விடிந்த முதல் இரண்டு, மூன்று மணி நேரத்தில்தான் நன்றாகப் பார்க்க முடியும். உங்கள் திட்டத்தில் இரண்டு காலை மூணாறுக்கே போய்விடுகிறது. ஒரு ராத்திரியை எடுத்து, கொச்சி போகும் வழியில் உள்ள தட்டேக்காடு பறவை சரணாலயத்துக்குக் கொடுங்கள்.

வெள்ளி விடியலில் கிளம்பினால் முதல் காலை, மூணாறு போகும் வழியில் உள்ள சின்னாறு சரணாலயத்துக்கு. மழை மறைவுப் பகுதி என்பதால் அங்கே முள்ளும் பாறையுமான வறண்ட காடு. மூணாறில் பார்க்க முடியாத மஞ்சள் தொண்டைச் சின்னான் அங்கே உண்டு. யானை நடமாடும் சாலை, நினைத்த இடத்தில் வண்டியை நிறுத்தி இறங்காதீர்கள். செக்போஸ்டில் கேட்டால் பழங்குடி வழிகாட்டியோடு அனுப்புவார்கள். அப்பாவுக்கு நடை வேண்டாம், செக்போஸ்ட் பக்கத்து மரங்களே போதும். மறையூரில் சாப்பிட்டுவிட்டு மேலே ஏறுங்கள்.

சனி காலை மூணாறு. ராஜமலை (இரவிகுளம் தேசியப் பூங்கா) போவதென்றால் டிக்கெட்டை முன்பே எடுத்துவிட்டு முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். விடுமுறைக் கூட்டத்தில் பத்து மணிக்குப் போனால் மனிதத் தலைகள்தான் தெரியும். புல்வெளியில் நீலகிரி நெட்டைக்காலி, சோலை ஓரப் புதர்களில் தாழப் பறக்கும் கறுப்பு ஆரஞ்சு நிற ஈப்பிடிப்பான். பழனி சிரிப்பானைத் தேடி அலைய வேண்டாம், தங்கும் விடுதித் தோட்டத்துக்கே வரும். மதியம் அடிமாலி, நேரியமங்கலம் வழியாக இறங்கிவிடுங்கள்.

தட்டேக்காடு பெரியாற்றங்கரையில் உள்ள தாழ்நிலக் காடு. 1933-இல் திருவிதாங்கூர் பறவைகளைக் கணக்கெடுக்க வந்த பறவையியலாளர் சாலிம் அலி வியந்த இடம். 1983-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. இங்கே வழிகாட்டி இல்லாமல் போவது வீண். இலங்கைத் தவளைவாயன் என்ற இரவுப் பறவை பகலில் ஜோடியாக, தோளோடு தோள் ஒட்டி, ஆள் உயரக் கொடியில்கூட உட்கார்ந்திருக்கும். பெண் செம்பழுப்பு, ஆண் சாம்பல் கலந்த பழுப்பு. கொடியில் சிக்கிய சருகு என்றுதான் கண் நம்பும். அகன்ற வாயும் அதைச் சுற்றிய மீசை மயிரும் புலப்பட கொஞ்ச நேரம் பிடிக்கும். அவை எந்தக் கொடியில் தூங்கும் என்று உள்ளூர் வழிகாட்டிகளுக்குத் தெரியும். ஃபிளாஷ் அடிக்காதீர்கள், நாலு பேரும் ஒன்றாக நெருங்காதீர்கள். தீக்காக்கை, சாம்பல் இருவாச்சி இரண்டும் அதே காலையில் கிடைக்க வாய்ப்புண்டு. செல்போனில் குரலைப் போட்டுக் கூப்பிடலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தன் எல்லைக்குள் இன்னொரு பறவை வந்துவிட்டதோ என்று பதறி ஓடிவரும், அவ்வளவுதான்.

ஞாயிறு மதியம் கொச்சி, சுமார் 60 கிலோமீட்டர். கடற்கரைக்கு அவசரமில்லை, நீர்ப்பறவைகளைச் சாயங்காலமும் பார்க்கலாம். பீச்சை விட கடமக்குடி பக்கம் போங்கள். அங்கே பொக்காளி என்ற, உப்புநீரைத் தாங்கும் நெல் விளையும் வயல்களில் அறுவடைக்குப் பின், நவம்பர் முதல் ஏப்ரல் வரை இறால் வளர்க்கிறார்கள். ஓதத்தோடு (கடலின் ஏற்ற இறக்கத்தோடு) மதகு வழியாக உப்புநீர் ஏறி இறங்கும். தண்ணீர் வற்றும் நேரத்தில் சேறு வெளியே வர, கொக்கு, உள்ளான், நெடுங்கால் உள்ளான் எல்லாம் இறங்கிவிடும். மேலே மீசை ஆலா வட்டமிடும். அதனால் கிளம்புமுன் கொச்சியின் ஓத நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெயில் முதுகில் படும்படி வரப்புச் சாலையின் மேற்குப் பக்கம் நின்றால் நிறம் தெளிவாகத் தெரியும். அப்பாவுக்கு இதுதான் தோதான இடம், காரை விட்டு இறங்காமலே பார்க்கலாம். திங்கள் காலை பாலக்காடு, பொள்ளாச்சி வழியாக வீடு.

பைனாகுலர் 8x42 வாங்குங்கள். எட்டு மடங்கு பெரிதாக்கும். 42 மில்லிமீட்டர் முன்கண்ணாடி காட்டு நிழலிலும் போதுமான வெளிச்சம் தரும். கடைக்காரர் 20 மடங்கு காட்டி ஆசை மூட்டுவார். கை ஆடினால் அதில் ஒன்றும் தெரியாது. மகளுக்கு 8x32 தனியாக வாங்க முடிந்தால் நல்லது, கனம் குறைவு. இல்லாவிட்டால் தவளைவாயன் முன்னால் நாலு பேரும் ஒரே பைனாகுலருக்குச் சண்டை போடுவீர்கள்.