குழுத் தலைமையை ஏற்பதா, புதிய தொழில்நுட்பம் படிப்பதா?

கேள்வி: எனக்கு 37 வயது. காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் கிளெய்ம் பரிசீலனைப் பிரிவில் 12 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். ஆவணங்களைச் சரிபார்ப்பது, பாலிசிதாரரிடம் பேசுவது, இழப்பை மதிப்பிட்டுத் தொகையைப் பரிந்துரைப்பது என் பணி. சென்ற ஆண்டு வந்த மென்பொருள் ஆவணங்களைத் தானே படித்து, எளிய கிளெய்ம்களுக்குத் தொகையையும் சொல்லிவிடுகிறது. இந்த நிலையில், 9 பேர் கொண்ட என் குழுவுக்கு என்னைத் தலைவராக்க விரும்புகிறார்கள். இன்னும் பத்து ஆண்டுகள் இந்த வேலை இருக்குமா என்பதே தெரியாதபோது இதில் தலைவராகி என்ன பயன்? மாலை நேரத்தில் நிரலெழுதக் கற்றுக்கொண்டு வேறு துறைக்கு மாறிவிடலாமா?

பதில்: பதவியை ஏற்றுக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் கொடுப்பதை அப்படியே வாங்கிக்கொள்ளாமல், சிலவற்றைக் கேட்டுப் பெற்ற பிறகு ஏற்றுக்கொள்ளுங்கள். என்ன கேட்பது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் உங்களை உண்மையில் வாட்டுவது 'பத்து ஆண்டுகள் இருக்குமா' என்ற கவலைதான். அதைப் பார்த்துவிடுவோம்.

ஒரு வேலை நிலைக்குமா, அழியுமா என்று மொத்தமாகக் கேட்டால் நேர்மையான விடை யாரிடமும் கிடைக்காது. வேலை என்பது பல பணிகளைக் கட்டி வைத்த மூட்டை. இயந்திரம் மூட்டையை அப்படியே தூக்கிக்கொண்டு போவது அரிது. உள்ளேயிருந்து ஒன்று ஒன்றாக உருவிக்கொண்டு போகும்.

வங்கிக் காசாளர்களுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். 1967 ஜூன் 27 அன்று லண்டனின் என்ஃபீல்டு பகுதியில் பார்க்லேஸ் வங்கி தன் முதல் பணம் வழங்கும் இயந்திரத்தைத் திறந்தது. காசாளர்களின் காலம் முடிந்தது என்று பலர் நினைத்தார்கள். அமெரிக்காவில் நடந்ததை ஜேம்ஸ் பெஸ்ஸன் என்ற பொருளியலாளர் பின்னர் கணக்கிட்டுப் பார்த்தார். 1988-க்கும் 2004-க்கும் இடையில், நகர்ப்புறக் கிளை ஒன்றுக்குச் சராசரியாக 20 காசாளர்கள் தேவைப்பட்ட இடத்தில் 13 பேர் போதும் என்றானது. ஆனால் கிளை நடத்தும் செலவு குறைந்ததால் வங்கிகள் கிளைகளை 40 சதவீதத்துக்கும் மேல் பெருக்கின. மொத்தத்தில் காசாளர் எண்ணிக்கை சரியவில்லை. பணம் எண்ணும் வேலை இயந்திரத்துக்குப் போனது. வாடிக்கையாளரின் சிக்கலைக் கேட்டு எந்தக் கணக்கு, எந்தக் கடன் பொருந்தும் என்று சொல்லும் வேலை காசாளரிடம் வந்தது.

பெரும்பாலோர் கதையை இங்கேயே நிறுத்தி ஆறுதல் சொல்லிவிடுவார்கள். அது முழு உண்மையாகாது. 2010-க்குப் பிறகு வங்கிச் சேவையே கைபேசிக்குள் புகுந்தபோது கிளைக்கு வருவோர் குறைந்தார்கள், கிளைகள் மூடப்பட்டன, காசாளர் எண்ணிக்கையும் இறங்கியது. முதல் இயந்திரம் அவர்களுடைய பணியை மாற்றியது. அடுத்து வந்ததோ, அவர்களைத் தேடி ஆள் வரும் தேவையையே எடுத்துவிட்டது. ஆகவே உங்களையே நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டியவை இரண்டு: என் மூட்டையிலிருந்து எவை போகின்றன? மனிதர்கள் என்னைத் தேடி வருவதற்கான காரணம் நிற்குமா?

உங்கள் துறையில் இரண்டாவது கேள்விக்கு நம்பிக்கையோடு விடை சொல்லலாம். வீடோ வாகனமோ உடல்நலமோ இழந்து நிற்கும் ஒருவர், தனக்கு ஏன் இவ்வளவுதான் கிடைத்தது என்று கேட்பார். மறுக்கப்பட்டால் காரணம் கேட்பார், வழக்கும் தொடுப்பார். 'மென்பொருள் சொன்னது' என்பது அங்கே விடையாகாது. ஏர் கனடா விமான நிறுவனத்தின் இணையதளத்தில் இருந்த உரையாடல் மென்பொருள், கட்டணச் சலுகை பற்றி ஒரு பயணிக்குத் தவறான தகவல் தந்தது. அந்த மென்பொருள் சொன்னதற்கு நிறுவனம் பொறுப்பாக முடியாது என்று நிறுவனத் தரப்பு வாதிட்டது. கனடாவின் தீர்ப்பாயம் ஒன்று 2024 பிப்ரவரியில் அந்த வாதத்தை நிராகரித்து, பயணிக்கு இழப்பீடு தரச் சொன்னது. சிறிய தொகை சம்பந்தப்பட்ட வழக்குதான். ஆனால் எந்த முடிவுக்கும் இறுதியில் ஒரு மனிதரோ நிறுவனமோ பதில் சொல்லியாக வேண்டும் என்பதை அது தெளிவாக்கியது.

வருங்காலத்தை நினைத்துத் தொழில்வாழ்க்கையை அமைத்துக்கொள்ள விரும்புகிறவர் அந்த இடத்தை நோக்கித்தான் நகர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கோப்பை நகர்த்தும் இடத்திலிருந்து, கோப்பில் எடுத்த முடிவுக்குப் பதில் சொல்லும் இடத்துக்கு.

நீங்கள் அந்த இடத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறீர்கள் என்று அறிய ஒரு எளிய வழி உண்டு. அடுத்த இரண்டு வாரங்களுக்கு ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். மென்பொருளின் பரிந்துரையை நீங்கள் மாற்றிய கோப்புகளை மட்டும் அதில் எழுதுங்கள், ஏன் மாற்றினீர்கள் என்று ஒரு வரியோடு. பழுதுபார்ப்பு ரசீதின் தேதி விபத்துக்கு முந்தையதாக இருந்திருக்கலாம். ஒரே பணிமனையிலிருந்து ஒரே கையெழுத்தில் நான்காவது மதிப்பீடு வந்திருக்கலாம். கணவரை இழந்த பெண் ஒருவர் தவறான படிவத்தைத் தந்திருக்க, அவரிடம் பேசிப் பார்த்த பிறகே அவருக்குக் கூடுதல் தொகை சேர வேண்டும் என்று தெரிந்திருக்கலாம். இப்படி இருபது வரிகள் சேர்ந்தால், உங்கள் 12 ஆண்டு அனுபவம் எங்கே உயிரோடு இருக்கிறது என்பது கையில் கிடைத்துவிடும். ஒன்றிரண்டு வரிகளே சேர்ந்தால், இப்போதைய நாற்காலியில் நீண்ட நாள் உட்காரக் கூடாது என்று பொருள். எப்படியிருந்தாலும், நிர்வாகத்திடம் பேசப் போகும்போது அந்தக் குறிப்பேடு உங்களோடு இருக்கட்டும்.

நிரலெழுதுவது பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஆர்வம் இருந்தால் கற்றுக்கொள்ளுங்கள்; பயத்தில் ஓடிப் போய்க் கற்காதீர்கள். 12 ஆண்டு அனுபவத்தைக் கழற்றி வைத்துவிட்டு, புதிதாகத் தொடங்குவோரின் வரிசையில் கடைசியில் போய் நிற்பதற்கு வலுவான காரணம் வேண்டும். நிரலெழுதுவதும் இயந்திரம் வேகமாகக் கற்றுவரும் பணிகளில் ஒன்றுதான். அதைவிட, உங்கள் மென்பொருள் எந்தப் பழைய கோப்புகளைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்டது, எந்த வகைக் கிளெய்ம்களில் அடிக்கடி தவறுகிறது, யாருக்குப் பாதகமாகத் தவறுகிறது என்று கேட்கவும் வரும் விடையைச் சோதிக்கவும் போதுமான அடிப்படைப் புள்ளியியலைப் படியுங்கள். அந்தக் கேள்விகளைக் கேட்கக்கூடிய கிளெய்ம் அனுபவசாலிகள் அதிகம் இல்லை.

இனி தலைமைப் பொறுப்பு. இது உங்கள் இப்போதைய வேலையின் மேல்படி என்று எண்ணிவிடாதீர்கள். இது வேறொரு தொழில். அமெரிக்காவில் 131 நிறுவனங்களின் விற்பனைப் பணியாளர்களைப் பற்றி மூன்று ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வு இதை நன்றாகக் காட்டுகிறது. அதிகம் விற்றவர்களுக்கே பதவி உயர்வு எளிதாகக் கிடைத்தது; ஆனால் அவர்களுக்குக் கீழே வேலை பார்த்தவர்களின் விற்பனை, மற்ற மேலாளர்களின் குழுக்களைவிடக் குறைந்தது. முன்பே பிறரோடு சேர்ந்து விற்றுப் பழகியவர்கள் நல்ல மேலாளர்களாக விளங்கினார்கள். பதவி தரும்போது யாரும் அதைப் பெரிதாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

நான் முதன்முதலாகக் குழுத் தலைமைக்கு வந்தபோது இதே பள்ளத்தில் விழுந்தேன். கடினமான கோப்புகளையெல்லாம் என் மேசைக்கு இழுத்துக்கொண்டேன். வேலை வேகமாக முடிந்தது, பாராட்டும் வந்தது. ஓராண்டு கழித்து மூன்று வாரம் விடுப்பில் போனேன். அந்த மூன்று வாரமும் ஒரு சிக்கலான கோப்புகூட நகரவில்லை. என் குழுவினர் திறமைசாலிகள். அவர்கள் கற்கக் கிடைத்த வாய்ப்பையெல்லாம் நான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் குழுவில் இந்த ஆபத்து இன்னும் பெரிது. காரணம், இப்போது வாய்ப்புகளை எடுத்துக்கொள்ள மென்பொருளும் இருக்கிறது. லிசான் பெய்ன்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் 1983-இல், ஆலைகளில் கட்டுப்பாட்டு அறைகள் தானியங்கியாக மாறிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு முரண்பாட்டைச் சுட்டிக்காட்டினார். எளிதானதை இயந்திரம் செய்யும். மிகக் கடினமானது மட்டும் மனிதரிடம் வரும். ஆனால் அன்றாடம் கை பழகாத மனிதருக்கு அந்தக் கடினமான நேரத்தில் திறமை எங்கிருந்து வரும்?

யோசித்துப் பாருங்கள். சிக்கலான கோப்பைக் கண்டதும் 'ஏதோ இடிக்கிறது' என்று உங்களுக்குத் தோன்றுகிறதே, அதை எங்கே கற்றீர்கள்? தொடக்க ஆண்டுகளில் சலிக்கச் சலிக்கப் பார்த்த எளிய கோப்புகளில்தான். ஒழுங்கான கோப்பு எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழகியதால்தான் ஒழுங்கற்றது உறுத்துகிறது. சென்ற மாதம் சேர்ந்த இளைஞருக்கு அந்தக் கோப்புகள் இனி கண்ணிலேயே படாது. இன்னும் எட்டு ஆண்டுகளில், மென்பொருளின் தவறைக் கண்டுபிடிக்கத் தெரிந்த ஆளே இல்லாத பிரிவாக உங்கள் பிரிவு மாறக்கூடும். இதைத் தடுப்பதுதான் இன்றைய குழுத் தலைவரின் முதல் கடமை என்று நான் நம்புகிறேன். இதைப் பற்றிக் கவலைப்படும் மேலாளர்களை நான் மிகக் குறைவாகவே பார்த்திருக்கிறேன்.

செய்வது கடினமில்லை, விடாமல் செய்வதுதான் கடினம். வாரம் பத்து எளிய கோப்புகளை, மென்பொருளின் விடையை மறைத்துவிட்டு, புதியவர்களிடம் கொடுங்கள். அவர்களே முடிவெடுக்கட்டும், பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேசுங்கள். நீங்கள் எழுதத் தொடங்கும் அந்தக் குறிப்பேட்டைக் குழு முழுவதற்கும் பொதுவாக்குங்கள். வாரம் அரை மணி நேரம் அதைப் பற்றி மட்டும் பேசுங்கள். வேலை நெருக்கடி வரும்போது முதலில் பலியாவது இந்த அரை மணி நேரம்தான். விட்டுவிடாதீர்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒரு நாள் யாராவது ஒருவர், 'மென்பொருள் தவறாகச் சொன்னது, நானும் பார்க்காமல் ஒப்புதல் கொடுத்துவிட்டேன்' என்று சொல்வார். அந்த நொடியில் உங்கள் முகம் எப்படி இருக்கிறது என்பதை மற்ற எட்டுப் பேரும் பார்ப்பார்கள். ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990-களில் மருத்துவமனைக் குழுக்களில் மருந்து தருவதில் நேரும் பிழைகளை ஆராய்ந்தார். நல்ல தலைமை உள்ள குழுக்களில் பிழைகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவேட்டில் அங்கேதான் அதிகம் இருந்தன. அங்கே பிழையை வெளியே சொல்ல யாரும் அஞ்சவில்லை என்பதுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. மற்ற குழுக்களில் பிழைகள் மறைந்து கிடந்தன. நாளுக்கு நூற்றுக்கணக்கான கிளெய்ம்களை ஒரே முறையில் தீர்க்கும் மென்பொருள் உள்ள இடத்தில், மறைக்கப்பட்ட ஒரு பிழை அந்த நாளே நூறாகப் பெருகிவிடும்.

இப்போது, என்ன கேட்பது? முதலில் ஒரு நேரடிக் கேள்வி: 'இரண்டு ஆண்டுகளில் இந்தக் குழுவில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?' ஆட்களைக் குறைக்கும் வேலையை முடித்துத் தரவே சிலரைத் தலைவராக்குவது உண்டு. அப்படியென்றால் தெரிந்து ஏற்பது வேறு, தெரியாமல் மாட்டிக்கொள்வது வேறு. அடுத்து, மென்பொருளின் பரிந்துரையை மாற்றும் அதிகாரம் உங்களுக்கு எழுத்தில் வேண்டும். மாற்றினால் வேகக் கணக்கில் குழுவின் மதிப்பெண் குறையக் கூடாது. அதிகாரம் இல்லாமல் பதில் சொல்லும் பொறுப்பு மட்டும் வந்தால், நீங்கள் அடி வாங்கும் இடத்தில் நிறுத்தப்படுகிறீர்கள். உங்கள் சொந்தக் கோப்புகள் மூன்றில் ஒரு பங்காகக் குறைய வேண்டும். இல்லாவிட்டால் பயிற்சிக்கு நேரமே இருக்காது. மென்பொருளை மாற்றியமைக்கும் கூட்டங்களில் உங்களுக்கு இடம் வேண்டும். சம்பளத்தைப் பற்றியும் கேளுங்கள், தயங்காதீர்கள். ஆனால் அதிகாரத்துக்குப் பதிலாகச் சம்பளத்தைக் கூட்டித் தந்தால் ஏமாந்துவிடாதீர்கள்.

இன்னொன்று, பதவி வந்தவுடன் பலரும் மறப்பது. சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர், 1970-களில் வெளியிட்ட ஓர் ஆய்வுக்காக, வேலை கிடைத்தவர்களிடம், அந்த வேலை பற்றி யார் சொன்னார்கள் என்று கேட்டார். நெருங்கிய நண்பர்களைவிட, எப்போதாவது சந்திக்கும் அறிமுகங்கள் வழியாகவே பலருக்குத் தகவல் வந்திருந்தது. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும். புதிய செய்தி வெளியிலிருந்துதான் வரும். உங்கள் நிறுவனத்துக்கு வெளியே, இதே மென்பொருள் மாற்றத்தைச் சந்திக்கும் மூன்று நான்கு பேரோடு அவ்வப்போது பேசிக்கொண்டிருங்கள்.

நிர்வாகத்துக்கு விடை சொல்வதற்கு முந்தைய இரவு ஒரு தாள் எடுத்துக்கொள்ளுங்கள். கேரி கிளைன் என்ற உளவியலாளர் திட்டக் குழுக்களுக்குச் சொன்ன முறை இது. தனி மனிதருக்கும் உதவும். இரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன, பதவியை ஏற்றது பெரிய தவறாகிவிட்டது என்று வைத்துக்கொண்டு, ஏன் அப்படியானது என்று எழுதுங்கள். பிறகு தாளைத் திருப்பி, பதவியை மறுத்தது தவறாகிவிட்டது என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள். எந்தப் பக்கத்தில் உள்ள காரணங்களை உங்களால் இப்போதே தடுக்க முடியும் என்று பாருங்கள். தடுக்க முடிந்தவை மறுநாள் நீங்கள் வைக்க வேண்டிய கோரிக்கைகள்.

அவர்கள் எல்லாவற்றுக்கும் இணங்க மாட்டார்கள். கோப்புகளின் எண்ணிக்கையில் விட்டுக்கொடுக்கலாம்; மென்பொருளை மறுக்கும் அதிகாரத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். அதையும் மறுத்தால், தலைமைப் பதவியை மரியாதையோடு மறுத்துவிட்டு, சிக்கலான, தகராறுக்குள்ளான கிளெய்ம்களை மட்டும் கையாளும் பொறுப்பைக் கேளுங்கள். உங்கள் குறிப்பேட்டை மேசையில் வைத்துவிட்டுக் கேளுங்கள்.