கன்ட்ரோலர் யார் கையில்? வாசகர் கேள்விகள்

கேள்வி: ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ வீடியோ கேமின் இரண்டாம் பாகத்தில், முதல் பாகத்தின் நாயகன் ஜோயலை கால்ஃப் மட்டையால் அடித்தே கொல்கிறாள் அபி என்ற பெண். பாதிக்கு மேல் அந்த அபியாகவே நம்மை ஆட வைக்கிறார்கள். முதல் பாகத்திலிருந்து கூடவே வந்த ரசிகனுக்கு இது துரோகம் இல்லையா?
– வாசகர், மதுரை

(ஆடி முடிக்காதவர்கள் கவனம், முடிவுவரை எல்லாமே பேசப்போகிறேன்.)

துரோகம் இல்லை. 2013-இல் வந்த முதல் பாகத்தின் முடிவை நினைத்துப் பாருங்கள். சால்ட் லேக் சிட்டி மருத்துவமனை. ஜோயல் மகள்போல் காத்துவந்த சிறுமி எல்லி; உலகை அழிக்கும் தொற்று அவளை மட்டும் தாக்காது. அவள் மூளையை அறுத்தால் உலகத்துக்கு மருந்து கிடைக்கலாம், அவள் பிழைக்க மாட்டாள். வழியில் வந்தவர்களையெல்லாம் சுட்டுக்கொண்டே அறுவை அறைக்குள் நுழைகிறான் ஜோயல். டாக்டர் கையில் ஒரு சின்னக் கத்தி, அவ்வளவுதான். அவரைக் கொல்லாமல் கேம் நகராது. கொன்றோம். அவருக்கு வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று யோசித்தோமா? ஜோயல் நம்ம ஆள், ஆகவே அது பாசம். அந்த டாக்டரின் மகள்தான் அபி என்று 2020-இல் தெரிகிறது.

நாயகனுக்கு கேம்கள் தரும் கவசகுண்டலம் இதுதான். செத்தாலும் எழுந்துவிடுவான், கொன்றாலும் யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள். இந்த கேமை உருவாக்கிய நாட்டி டாக் நிறுவனத்தின் இன்னொரு கேமான ‘அன்சார்ட்டட் 4’-இல் சிரித்த முகத்தோடு ஆயிரம் பேரைச் சாய்த்தால் ஒரு டிராபி, அதாவது கேமுக்குள் கிடைக்கும் விருது, உண்டு. கதை ஒரு பக்கமும் ஆட்டம் ஒரு பக்கமும் இழுப்பதை விமர்சகர்கள் எந்தச் சொல்லால் குறிப்பிடுவார்களோ, அதையே அந்த டிராபிக்குப் பெயராக வைத்தார்கள். குறை அவர்களுக்கும் தெரிந்துதான் இருந்தது.

இரண்டாம் பாகத்தில் எதிரிகளுக்குப் பெயர் இருக்கிறது. ஒருவன் விழுந்தால் பக்கத்தில் இருப்பவன் அந்தப் பெயரைச் சொல்லிக் கத்துகிறான். ஜோயலுக்காகப் பழிவாங்க அபியைத் தேடிப் போகும் எல்லியாக ஆடும்போது பாய்ந்து வரும் ஒரு நாயைக் குத்திக் கொல்கிறோம். அப்புறம் அபியின் நாட்களுக்குத் திரும்பினால் அதே நாய், ஆலிஸ், உயிரோடு நம்மிடம் வருகிறது. எனக்கு ஜோயலின் சாவைவிட வலித்த இடம் இது.

அபிக்குக் குரல் கொடுத்த லாரா பெய்லிக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. ஒரு கற்பனை ஆளுக்காக நிஜ மனுஷியை மிரட்டியதை என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

கேம் மேல் எனக்கும் ஒரு குறை உண்டு. கடைசியில் எல்லி அபியை விட்டுவிடுகிறாள், சரி. அவளைத் தேடிப் போன வழியெல்லாம் செத்தவர்களுக்குக் கதை பதில் சொல்லவில்லை.

கேள்வி: இப்போது எல்லா வில்லனுக்கும் சின்ன வயதுச் சோகம் ஒன்றை ஒட்டிவிடுகிறார்கள். அது போதுமா?
– வாசகி, கோவை

போதாது. சோகத்தைக் காட்சியாகப் பார்த்துவிட்டு அடுத்த நிமிடமே சுடப் போய்விடுவோம். ‘மெட்டல் கியர் சாலிட் 3’ (2004) வேறு மாதிரி செய்தது. நாயகன் ஸ்னேக் கொல்ல வேண்டியது, துரோகி என்று சொல்லப்படும் தன் குருவான ‘தி பாஸ்’ என்ற பெண்ணை. வெள்ளைப் பூக்கள் நிறைந்த வயலில் சண்டை முடிந்து அவள் கீழே கிடக்கிறாள். காட்சி ஓடிக்கொண்டே வந்து அப்படியே நிற்கிறது. சுடும் பொத்தானை நாம் அழுத்த வேண்டும். அதுவரை கேம் காத்திருக்கும். அவள் துரோகி இல்லை, அரசாங்கத்தின் உத்தரவுக்காகவே பழியைச் சுமந்தாள் என்பது பிறகுதான் தெரிகிறது. அதற்குள் சுட்டது நம் விரல்.

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகன் இந்த கேம்களைக் கேட்கிறான். வாங்கித் தரலாமா?
– வாசகி, திருச்சி

இவை பெரியவர்களுக்கானவை, இப்போது வேண்டாம் அம்மா. ‘அண்டர்டேல்’ (2015) என்ற கேமை வாங்கிக் கொடுங்கள். டோபி ஃபாக்ஸ் உருவாக்கியது. எந்த எதிரியையும் கொல்லாமலே முடிக்கலாம், பேசியே சமாளிக்கலாம். ஆரம்பத்தில் டோரியல் என்றொரு தாயுள்ளம் கொண்டவள் நமக்காக ‘பை’ என்ற இனிப்புப் பண்டம் சுட்டு வைப்பாள், வெளியே போகாதே என்று வாசலில் மறிப்பாள். பலர் அவசரத்தில் அவளைக் கொன்றுவிட்டு, மனசு கேட்காமல், முன்பு சேமித்து வைத்த இடத்திலிருந்து மறுபடி ஆடி, அவளை உயிரோடு விட்டுவிட்டுப் போவார்கள். வெளியே காத்திருக்கும் ஃப்ளவி என்ற பூ அதைச் சொல்லிக் காட்டும். நாம் அழித்துவிட்டதாக நினைத்த கொலை அதற்கு நினைவிருக்கிறது. உங்கள் மகன் அந்த இடத்துக்கு வரும்போது நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.