ரீப்பர் மிளகாயை எப்படி ருசி பார்ப்பது?

கிளிநொச்சியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: தெரிந்தவர் தந்த கரோலினா ரீப்பர் கன்று வளவில் காய்த்துவிட்டது, பெடியள் முழுக்காயைக் கடிக்கப் போகிறோம் என்று நிற்கிறார்கள், விடலாமா?

விடாதீர்கள். ஆசைக்கு ருசி பார்க்கலாம், ஆனால் முழுக்காயும் பந்தயமும் வேண்டவே வேண்டாம். கொச்சிக்காயின் உறைப்பு ஸ்கோவில் கணக்கில் ஒரு இலட்சத்துக்குள் நிற்கும், ரீப்பருக்கு கின்னஸ் 2017இல் பதிந்த சராசரியோ 16 இலட்சத்துக்கும் மேல், ஆகவே கொச்சிக்காயைச் சோற்றோடு கடித்துப் பழகிய தைரியம் இங்கே உதவாது. அமெரிக்காவில் போட்டியில் ஒரு ரீப்பரைத் தின்ற 34 வயதுக்காரருக்குத் தாங்க முடியாத தலையிடி வந்து, மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்கியிருந்தது தெரியவந்தது. 2018இல் மருத்துவ இதழில் வெளிவந்த செய்தி இது. அரிதுதான், ஆனாலும் நடந்திருக்கிறது.

சரி, எப்படிப் பார்ப்பது? வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு, கையுறை போட்டுக்கொண்டு காயைப் பிளவுங்கள். விதை ஒட்டியிருக்கிற வெளிறிய சதையில்தான் உறைப்பைத் தருகிற காப்சைசின் உருவாகிறது, விதையில் இல்லை. சாதாரண மிளகாயில் அந்தச் சதையைச் சுரண்டினால் உறைப்பு நன்றாகவே அடங்கும், இந்த வகைகளிலோ தோலின் உட்பக்கமும் அதைச் சுரந்து எண்ணெய்ப் பசையாய் மினுங்கும். அதனால் வால்நுனியில் அரை அரிசியளவு மட்டும் வெட்டி, முதலில் மணந்து பாருங்கள், நல்ல பழவாசம் வரும். பிறகு நாக்கில் வைத்து மெதுவாக மென்றால் முதல் சில நொடிக்கு இனிப்பாகத்தான் இருக்கும், எரிவு அதற்குப் பின்னால் ஏறும், ஏறிக்கொண்டே போகும். இவ்வளவுதானா என்று உடனே இன்னொரு துண்டை வாயில் போடுவதுதான் எல்லோரும் மாட்டுப்படுகிற இடம், பத்து நிமிடமாவது பொறுங்கள்.

தண்ணீர் குடித்துப் பயனில்லை, காப்சைசின் அதில் கரையாது. எருமைத் தயிரை ஒரு கரண்டி வாயில் வைத்திருங்கள், பாலிலுள்ள கேசின் புரதம் அதைப் பிடித்து இழுத்துவிடும். சின்னப் பிள்ளைகள், கர்ப்பிணிகள், தொய்வு, அல்சர், இருதய வருத்தம் உள்ளவர்கள் தொடவே கூடாது. நெஞ்சு நோ, மூச்சுத் திணறல், விடாத வாந்தி, திடீர்த் தலையிடி, இதில் எது வந்தாலும் ஆஸ்பத்திரிக்குத்தான்.

என்னைக் கேட்டால் இந்தக் காயின் அருமை கறியில்தான் தெரியும். குளத்து மீன் குழம்பு ஒரு பெரிய சட்டி கொதிக்கும்போது ஒரு காயை உடைக்காமல் மிதக்கவிட்டு, வாசம் இறங்கியதும் எடுத்துவிடுங்கள், கரண்டி பட்டு உடைந்தால் சட்டியே போச்சு. வறுக்க வேண்டுமென்றால் குசினிக்குள் வேண்டாம், முற்றத்தில் வைத்து வறுங்கள், அந்தப் புகை கண்ணையும் தொண்டையையும் பிடுங்கிவிடும். வெட்டின கத்தி, பலகை, கை எல்லாவற்றிலும் முதலில் தேங்காயெண்ணெய் தடவித் துடைத்து, அப்புறம் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், அதுவரை கண் பக்கம் கையைக் கொண்டுபோகாதீர்கள்.