வர்த்தக ஒப்பந்தங்களைச் சமூக, சுற்றுச்சூழல் நோக்கில் சீர்திருத்துவது என்றால் என்ன?

நாடுகள் ஒன்றுக்கொன்று சுங்க வரியைக் குறைத்துக்கொள்ளும்போது, அந்தச் சலுகைக்குத் தொழிலாளர் உரிமையையும் சுற்றுச்சூழல் பாதுகாப்பையும் நிபந்தனையாக்குவதுதான் இது.

பழைய ஒப்பந்தங்களிலும் நல்ல வார்த்தைகளுக்குப் பஞ்சமில்லை. மீறினால் என்ன ஆகும் என்பதுதான் இருக்காது. வாடகை ஒப்பந்தத்தில் ‘வீட்டைச் சுத்தமாக வைக்கவும்’ என்று எழுதிவிட்டு, முன்பணத்தில் பிடித்தம் உண்டு என்பதை விட்டுவிடுவது போல. அமெரிக்கா, மெக்சிகோ, கனடா இடையே 1994இல் நடைமுறைக்கு வந்த நாஃப்டா என்ற வர்த்தக ஒப்பந்தத்தில் தொழிலாளர் விதிகளைத் தனி இணைப்பாக ஒதுக்கி வைத்தார்கள். 2020இல் அதற்குப் பதிலாக வந்த அமெரிக்கா–மெக்சிகோ–கனடா ஒப்பந்தம் அவற்றை மூல உரைக்குள்ளேயே சேர்த்தது. அதைவிட முக்கியம், தொழிற்சங்க உரிமையை மறுக்கும் குறிப்பிட்ட ஆலை மீதே நடவடிக்கை எடுக்கலாம். அந்த ஆலைச் சரக்குக்கு மட்டும் வரிச் சலுகையை நிறுத்தலாம். நாடு முழுவதையும் தண்டித்தால் தவறு செய்யாத ஆலைகளும் அடிபடும், வழக்கும் ஆண்டுக்கணக்கில் இழுக்கும். மெக்சிகோவின் சிலாவோ நகர வாகன ஆலையில் 2021இல் முதன்முதலாக இதைப் பயன்படுத்தினார்கள். அங்கே தொழிலாளர்கள் வாக்களித்துப் பழைய சங்கம் நிர்வாகத்தோடு போட்டிருந்த கூட்டு ஒப்பந்தத்தை நிராகரித்தார்கள். 2022இல் புதிய சங்கத்தையும் தேர்ந்தெடுத்தார்கள்.

உலக வர்த்தக அமைப்பு சுற்றுச்சூழலைக் காக்க விதிக்கும் இறக்குமதித் தடைகளை அனுமதிக்காது என்று பலர் நினைப்பது சரியல்ல: கடலாமைகளைக் காக்க இறால் இறக்குமதிக்கு அமெரிக்கா விதித்த தடை அந்த அமைப்பின் வழக்கில் 1998இல் தோற்றது, நாடுகளிடையே பாரபட்சம் காட்டியதால்தான், அதைத் திருத்தியதும் 2001இல் தடை செல்லும் என்றே தீர்ப்பானது.