ரிசர்வ் கம்பியை இழுத்த காலம்: கேள்வியும் பதிலும்

மண்டபம் பக்கம் முதுகில் காற்றுச் சிலிண்டர் கட்டிக் கடலில் இறங்கிய பழைய ஆள் நான். சிலிண்டரில் மிச்ச அழுத்தத்தைக் காட்டும் கேஜ் இல்லாத காலத்தில் காற்று தீர்வதை எப்படிக் கண்டுகொண்டார்கள் என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில்.

காக்கா, காயலான் கடையில் ஒரு பழைய சிலிண்டர் கிடைத்தது. வால்வில் ஒரு லீவர், அதிலிருந்து நீளமாக ஒரு கம்பி தொங்குகிறது. எதற்கு? (கீழக்கரை)

அது ஜே வால்வு, தம்பி. பழைய பைக்கில் பெட்ரோல் தீர்ந்தால் ரிசர்வுக்குத் திருப்புவோமே, அதே சங்கதிதான். உள்ளே ஒரு ஸ்பிரிங் இருக்கும். சிலிண்டர் நிறைந்திருக்கும்போது காற்றின் அழுத்தம் அதைத் தள்ளி வழிவிடும். அழுத்தம் 20லிருந்து 35 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்கு இறங்கியதும் ஸ்பிரிங் ஜெயித்து வழியை அடைக்கப் பார்க்கும். இளநீர் குடிக்கும்போது ஸ்ட்ராவில் வழுக்கை சிக்கினால் எப்படி இருக்கும்? மூச்சு அப்படிக் கனக்கும். உடனே கையைப் பின்னால் விட்டு, இடுப்போரம் தொங்கும் கம்பியைக் கீழே இழுப்போம். ஸ்பிரிங் விலகி மிச்சக் காற்று வரும். இழுத்த கையோடு மேலே கிளம்பிவிட வேண்டும்.

சிலிண்டரை அலமாரியில் வை. பிரஷர் டெஸ்ட் இல்லாமல் காற்று நிரப்பிவிடாதே.

ஏன் ‘ஜே’?

அமெரிக்க டைவிங் கம்பெனி ஒன்றின் பழைய விலைப்பட்டியலில் இந்த வால்வுக்கு ஜே, ரிசர்வ் இல்லாததற்குக் கே என்று எழுத்துக் குறி இருந்தது. அதுவே பெயராகிவிட்டது, வேறு ரகசியம் இல்லை.

அண்ணே, அந்த மிச்சக் காற்று மேலே வரப் போதுமா? (பாம்பன்)

கணக்குப் போடுவோம். 12 லிட்டர் சிலிண்டரில் 30 பார் மிச்சம் என்றால் 360 லிட்டர். மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர், 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கூடுவதால் மூன்று மடங்கு, அதாவது 60 லிட்டர் இழுப்பார். அங்கேயே இருந்தால் ஆறு நிமிடம். பதறினால் மூன்று கூடத் தாங்காது. அப்போது நிமிடத்துக்கு 18 மீட்டர் வேகத்தில் ஏறினார்கள், இப்போது 9 மீட்டர் என்கிறார்கள். எப்படி ஏறினாலும் போதும், ஏற ஏறச் செலவும் குறையும். ஆனால் “அந்தப் பாறையையும் பார்த்துவிட்டு வருகிறேன்” என்பவருக்குப் போதாது.

இரட்டைச் சிலிண்டரில் ஒரு சூட்சுமம் உண்டு. ரிசர்வ் ஒன்றில் மட்டும்தான் நிற்கும். கம்பியை இழுத்ததும் அது காலியான மற்றதற்குள்ளும் பரவி அழுத்தம் பாதியாகிவிடும். அதனால்தான் இரட்டைக்கு 35 பார் பக்கம் வைத்தார்கள்.

இவ்வளவு நல்ல ஏற்பாடு ஏன் மறைந்தது?

மனுஷன் மறதிக்காரன் என்பதால். காற்று நிரப்பும்போது லீவர் கீழே இருக்க வேண்டும், நிரப்பியபின் மேலே தூக்கிவிட வேண்டும். பெட்ரோல் போட்டபின் ரிசர்விலேயே ஓட்டி நடுரோட்டில் நின்றவர்களுக்கு மீதிக் கதை தெரியும்.

எனக்கு நடந்தது வேறு மாதிரி. வல்லத்திலிருந்து இறங்கும்போது நங்கூரக் கயிறு கம்பியில் மாட்டி லீவரை இறக்கிவிட்டிருக்கிறது. எனக்குத் தெரியாது. கச்சான் காற்றில் தண்ணீர் வேறு கலங்கல். 12 மீட்டரில் மூச்சு கனத்தது. கம்பியைத் தேடினால் அது ஏற்கெனவே கீழே கிடக்கிறது! மூச்சை விட்டுக்கொண்டே ஏறினேன். அன்று முதல் இறங்குமுன் பக்கத்து ஆளின் லீவரைத் தொட்டுப் பார்க்காமல் குதித்ததில்லை.

பிரான்சில் கூஸ்தோவும் காக்னானும் 1943இல் சிலிண்டரோடு மூழ்கும் கருவியான அக்வாலங்கைக் கொண்டுவந்தபோது, நீருக்குள் பார்த்துக்கொண்டே போகும் கேஜ் புழக்கத்தில் இல்லை. அது பரவியபின் ஜே வால்வுக்கு வேலை போயிற்று. இப்போது 50 பார் காட்டும்போது படகுக்கு வந்துவிடுவது வழக்கம். என்னைக் கேட்டால் கேஜும் பார்ப்பவனுக்குத்தான் கேஜ்.

கம்ப்ரசர் குழாயில் மூழ்குபவர்களுக்கு ரிசர்வ் உண்டா? (ஏர்வாடி)

கம்ப்ரசரோடு இருக்கும் சின்ன டேங்கில் உள்ளதுதான். எஞ்சின் நின்றால் கொஞ்ச நேரம். முதுகில் தனியாக ஒரு குட்டிச் சிலிண்டர் இல்லாமல் இறங்காதீர்கள். எஞ்சின் புகைக்குழாய் காற்று உறிஞ்சும் பக்கம் திரும்பாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எங்கள் அப்பா மூச்சடக்கிச் சங்கு குளித்தவர். ஸ்கூபா அவருக்குச் சுலபம்தானே, அண்ணே? (தங்கச்சிமடம்)

அந்தப் பழக்கம்தான் எனக்குப் பயம், தங்கச்சி. அவர் மேலே இழுத்த மூச்சு 10 மீட்டரில் பாதியாகச் சுருங்கி, ஏறும்போது பழைய அளவுக்கே திரும்பும். நெஞ்சுக்கு ஆபத்தில்லை. சிலிண்டரில் அதே 10 மீட்டரில் நெஞ்சு நிறைய இழுத்து அடக்கிக்கொண்டு ஏறினால் அது இரண்டு மடங்காக விரியும், நுரையீரல் கிழியும். சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டரை வாயில் வைத்தபடியே மூச்சை விட்டுக்கொண்டு ஏற, முதலில் இடுப்பளவுத் தண்ணீரில் பழகச் சொல்லுங்கள்.