கமெண்ட் பகுதி நாறினால் கட்டுரையும் சேர்ந்துதான் நாறும்

கேள்வி: நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து கிரிக்கெட் பற்றி ஒரு வலைப்பதிவு நடத்துகிறோம். ஆட்டத்தை ஓவர் ஓவராகப் பிரித்து அலசுவது எங்கள் பாணி. சமீபத்தில் ஒரு நாளிதழின் இணையப் பக்கத்தில் எங்கள் கட்டுரை ஒன்றுக்கு இணைப்பு கொடுத்தார்கள். வழக்கமாக எட்டிப் பார்க்காத கூட்டம் வந்தது. வந்தவர்களில் பலர் கட்டுரையைப் பற்றிப் பேசவே இல்லை, கீழே கிடந்த வசவுகளைப் பார்த்துவிட்டு “பிளாக் எழுதுகிறவர்களே இப்படித்தான்” என்று போய்விட்டார்கள். எங்களில் ஒருவர் பெண். அவருக்கு வருகிற கமெண்ட்டுகளைத் தாங்க முடியாமல், இனி பெயர் போடாமல் எழுதட்டுமா என்று கேட்கிறார். பத்தி எழுதச் சொன்ன ஒரு பத்திரிகை ஆசிரியரும் “உங்க வாசகர்கள் ரொம்ப முரட்டுத்தனமா இருக்காங்களே” என்று இப்போது தயங்குகிறார். கமெண்ட்டை மூடிவிடலாமா, பதிலுக்குச் சண்டை போடலாமா, கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாமா?

பதில்: நீங்கள் கேட்டிருக்கும் மூன்று வழிகளுமே திட்ட வருகிறவனை மனதில் வைத்து யோசித்தவை. அவனை விரட்டலாமா, அவனோடு மோதலாமா, அவனை மதிக்காமல் இருக்கலாமா. அவனைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். முதல்முறையாக உங்கள் பக்கத்துக்கு வந்து, ஒரு வார்த்தையும் எழுதாமல், மேலிருந்து கீழ்வரை ஒருமுறை உருட்டிப் பார்த்துவிட்டு ஏதோ ஒரு முடிவோடு வெளியே போகிறாரே, நீங்கள் யோசிக்க வேண்டியது அவரைப் பற்றி. மேலே இருப்பது நீங்கள் எழுதியது, கீழே இருப்பது பெயர் போடாத எவனோ ஓர் அனானி எழுதியது என்று கோடு கிழித்துப் படிக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. அவருக்கு எல்லாமே ஒரே பக்கம், உங்கள் பெயர் போட்ட பக்கம்.

இந்தக் குழப்பம் பழையது. 2008 ஏப்ரலில் அமெரிக்காவின் எச்.பி.ஓ. தொலைக்காட்சியில் பாப் காஸ்டஸ் நடத்திய ஒரு விவாதத்தில் பஸ் பிஸ்ஸிங்கர் என்ற எழுத்தாளரும் வில் லீச் என்ற வலைப்பதிவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பிஸ்ஸிங்கர் புலிட்சர் பரிசு வாங்கியவர். லீச் 2005-ல் டெட்ஸ்பின் என்ற விளையாட்டு வலைப்பதிவைத் தொடங்கியவர். பிஸ்ஸிங்கர் எடுத்த எடுப்பிலேயே கெட்ட வார்த்தையோடு லீச் மீது பாய்ந்தார். வலைப்பதிவுகள் கொடூரமானவை, தரம் கெட்டவை என்பது அவருடைய புகார் (இதைக் கெட்ட வார்த்தையில் சொன்னதுதான் வேடிக்கை). கவனிக்க வேண்டியது என்னவென்றால், லீச் எழுதியதும், அவர் தளத்தில் யார் யாரோ போட்ட கமெண்ட்டுகளும் அந்த மேடையில் ஒன்றோடொன்று கலந்துபோயின. கமெண்ட் வேறு, பதிவு வேறு என்பது அவருடைய தளத்தைத் தினமும் படிக்கிறவர்களுக்குத் தெரியும். தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த பொதுமக்களுக்கு அது எப்படித் தெரியும்? உங்களுக்கு நாளிதழ் இணைப்பு வழியாக வந்த கூட்டமும் அதே ரகம்தான்.

அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, மனித மனம் அப்படித்தான் வேலை செய்கிறது. 2013-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் 1,183 பேரை வைத்து ஒரு சோதனை வெளியிட்டார்கள். நானோ தொழில்நுட்பம் பற்றிய ஒரே கட்டுரையை எல்லோருக்கும் கொடுத்தார்கள். கீழே இருந்த கமெண்ட்டுகள் மட்டும் வேறு வேறு, சிலருக்கு மரியாதையானவை, சிலருக்கு வசவு நிறைந்தவை. வசவைப் படித்தவர்கள், அந்தத் தொழில்நுட்பத்தின் ஆபத்து பற்றிய கருத்தில் இன்னும் எதிரெதிர் பக்கமாகப் பிரிந்து போனார்கள். கட்டுரையில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. அதே ஆண்டு பாப்புலர் சயின்ஸ் இதழ் இந்த ஆய்வையும் ஒரு காரணமாகக் காட்டித் தன் தளத்தில் கமெண்ட் பகுதியை மூடியது.

அதனால் “கண்டுகொள்ளாமல் விடுவது” என்ற வழியை முதலிலேயே அடித்துவிடுங்கள். “தீனி போடாதே, தானாகப் போய்விடுவான்” என்று எல்லோரும் சொல்வார்கள். அவன் போனாலும் போகலாம், அவன் எழுதிவிட்டுப் போனது அங்கேயே கிடக்கும், அடுத்து வருகிறவர் அதைத்தான் படிப்பார்.

சரி, ஆசிரியர் சொன்ன “உங்க வாசகர்கள்” யார்? அமெரிக்காவின் என்.பி.ஆர். வானொலி 2016-ல் தன் தளத்தில் கமெண்ட்டை மூடியபோது ஒரு கணக்குச் சொன்னது. அந்த ஜூலையில் தளத்துக்கு வந்தவர்கள் ஏறத்தாழ 3 கோடியே 30 லட்சம் பேர். கமெண்ட்டுகள் 4 லட்சத்து 91 ஆயிரம். அவ்வளவையும் எழுதியவர்கள் வெறும் 19,400 பேர், வந்தவர்களில் 0.06 சதவீதம். உங்கள் தளத்தின் எண்களையும் இப்படி ஒருமுறை எடுத்துப் பாருங்கள்: போன மாதம் எத்தனை பேர் படித்தார்கள், எத்தனை வெவ்வேறு பெயர்கள் கமெண்ட் போட்டன, நீங்கள் அழிக்க வேண்டியிருந்தவை எத்தனை பேருடையவை. பெரும்பாலும் கடைசி எண் ஒரு கை விரல்களில் அடங்கிவிடும். அந்த நாலைந்து பேர்தான் “உங்கள் வாசகர்கள்” என்ற பெயரில் ஆசிரியர் கண்ணில் பட்டிருக்கிறார்கள்.

விளையாட்டில் மட்டும் ஏன் இவ்வளவு சூடு என்பதற்கு நல்ல விளக்கம் உண்டு. 1976-ல் ராபர்ட் சியால்டினி குழுவினர் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்களிடம் நடத்திய ஆய்வில், தங்கள் கல்லூரி அணி ஜெயித்தால் “நாம ஜெயிச்சோம்” என்றும், தோற்றால் “அவங்க தோத்துட்டாங்க” என்றும் பேசும் போக்கைக் கண்டார்கள். வெற்றி மட்டும் நம்முடையது. தோல்வியை எங்கேயாவது தள்ளிவிட வேண்டும். அந்த நேரம் பார்த்து நீங்கள் வந்து “இந்தத் தோல்விக்குக் கேப்டனின் இந்த முடிவே காரணம்” என்று விவரமாக எழுதினால், அவன் தள்ளிவிட்டதை நீங்கள் திரும்ப எடுத்து அவன் மடியில் வைக்கிறீர்கள். கோபம் உங்கள் மேல் திரும்பாமல் வேறு எங்கே போகும்?

இதோடு 2017-ல் ஸ்டான்ஃபோர்டு, கார்னெல் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒன்றையும் சேர்த்துப் பாருங்கள். சாதாரண ஆட்களை ஒரு தேர்வு எழுத வைத்து, சிலருடைய மனநிலையைக் கெடுத்தார்கள், பிறகு ஒரு கட்டுரையைப் படித்துக் கருத்துச் சொல்லச் சொன்னார்கள். மனநிலையும் நன்றாக இருந்து, ஏற்கெனவே இருந்த கமெண்ட்டுகளும் நாகரிகமாக இருந்தால், எழுதியவற்றில் 35 சதவீதம் வம்புக் கமெண்ட்டுகள். இரண்டும் மோசமாக இருந்தால் 68 சதவீதம். ஏறக்குறைய இரட்டிப்பு. வம்புக்காரன் என்று ஒரு தனிச் சாதி இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். கெட்ட நாளில், கெட்ட கமெண்ட்டுகளுக்குக் கீழே, யாரும் அப்படி ஆகலாம்.

இதிலிருந்து நீங்கள் செய்ய வேண்டியது நேரடியாகவே கிடைக்கிறது. தோற்ற இரவு கமெண்ட்டைத் திறக்காதீர்கள். கட்டுரையை வெளியிடுங்கள், கமெண்ட்டை மறுநாள் காலை திறங்கள். திறந்த பிறகும், முதலில் வரும் பத்துப் பதினைந்து கமெண்ட்டுகள் உங்கள் ஒப்புதலுக்குப் பிறகே தெரியும்படி வையுங்கள், ஏனென்றால் அடுத்து வருகிறவர்கள் அவற்றைப் பார்த்துத்தான் தங்கள் குரலை உயர்த்துவதா தாழ்த்துவதா என்று முடிவு செய்வார்கள். இப்படிக் கமெண்ட்டுகளை வடிகட்டும் மட்டுறுத்தல் என்றாலே கருத்துரிமையைப் பறிப்பது என்று சிலர் கூச்சல் போடுவார்கள், போடட்டும்.

எதை விடுவது, எதை எடுப்பது? இங்கேதான் பெரும்பாலான பதிவர்கள் தடுமாறுகிறார்கள், அதனால் ஓர் உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். 16-வது ஓவரை ஸ்பின்னருக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். கீழே நான்கு கமெண்ட்டுகள். ஒன்று: “நீ என்னைக்காச்சும் பேட்டைத் தொட்டிருக்கியா? வந்துட்டான் கேப்டனுக்குப் பாடம் எடுக்க.” இரண்டு: “எவ்வளவு வாங்குன?” மூன்று: “பனி இறங்குனதைப் பாத்தியாடா முட்டாள்? பந்து சோப்பு மாதிரி வழுக்குச்சு, அம்பயர்கிட்ட துண்டு கேட்டுத் துடைச்சுக்கிட்டே இருந்தாங்க, இதுல ஸ்பின்னராம்.” நான்காவது உங்கள் வீட்டுப் பெண்களைப் பற்றியது, இங்கே எழுத முடியாது.

நான்காவதை யோசிக்காமல் எடுத்துவிடுங்கள், ஆளையும் தடை செய்யுங்கள். இரண்டாவது ஆதாரம் இல்லாத குற்றச்சாட்டு, அதுவும் போகட்டும். முதலாவதை விட்டுவிடலாம், அதில் எரிச்சல் இருக்கிறதே தவிர ஆபாசம் இல்லை, வருகிறவர் பார்த்தாலும் உங்கள் மதிப்பு குறையாது. மூன்றாவதுதான் தங்கம். பல பேர் “முட்டாள்” என்ற வார்த்தையைப் பார்த்ததும் அதை டெலிட் செய்துவிடுவார்கள். பனியில் பந்து வழுக்கும், ஸ்பின்னருக்குப் பிடி கிடைக்காது என்பது உங்கள் வாதத்தையே அசைக்கிற விஷயம். அதற்குப் பதில் இப்படி இருக்கலாம்: “பனியை நான் கணக்கில் எடுத்திருக்க வேண்டும், சரியான பாயிண்ட். ஆனால் 14-வது ஓவரில் அதே ஸ்பின்னர் 5 ரன்தான் கொடுத்தார், அப்போதும் பனி இருந்ததே? ‘முட்டாளை’ எடுத்துவிட்டுச் சொல்லுங்கள், பேசுவோம்.” இந்த மாதிரி ஆட்களில் பாதிப் பேர் இரண்டாவது கமெண்ட்டிலேயே “சாரி ப்ரோ” என்று இறங்கி வந்துவிடுவார்கள், நம்ப மாட்டீர்கள். எழுதிய ஆளே இறங்கி வந்து பேசுவதற்குத் தனி மதிப்பு உண்டு. ஒரு தொலைக்காட்சி நிலையத்தின் ஃபேஸ்புக் பக்கத்தில் டாலியா ஸ்ட்ரவுட் குழுவினர் 70 இடுகைகளில் சோதித்தபோது, செய்தியாளர் தானே கமெண்ட்டில் வந்து பேசிய இடங்களில் அநாகரிகமான கமெண்ட்டுகள் குறைந்தன.

சண்டை போடுவதைப் பற்றிச் சுருக்கமாக: வேண்டாம். அவன் மொழியில் நீங்கள் ஒருமுறை பதில் எழுதிவிட்டால் ஸ்கிரீன்ஷாட்டில் சுற்றப்போவது உங்கள் வரி மட்டும்தான்.

“நீ ஆடியிருக்கியா” என்ற கேள்வியைத் திட்டுகிறவன் மட்டும் கேட்பதில்லை, மரியாதையான பொதுவாசகரும் மனதுக்குள் கேட்கிறார். அதற்குக் கமெண்ட்டில் பதில் சொல்லிப் பயனில்லை, கட்டுரையிலேயே சொல்ல வேண்டும். பில் ஜேம்ஸ் அமெரிக்காவில் டப்பா உணவு ஆலை ஒன்றில் இரவுக் காவலாளியாக இருந்தவர். தொழில்முறையில் பேஸ்பால் ஆடியவர் இல்லை. 1977-ல் தன் புள்ளிவிவர அலசல்களைச் சொந்தச் செலவில் அச்சிட்டு விற்கத் தொடங்கினார். ஆட்ட உலகம் வெகுகாலம் அவரை வெளியாளாகவே பார்த்தது. 2003-ல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி அவரை ஆலோசகராகச் சேர்த்துக்கொண்டது, அடுத்த ஆண்டு அந்த அணி 86 ஆண்டுகளுக்குப் பிறகு பட்டம் வென்றது. அவர் ஒருவரால்தான் வென்றது என்று சொன்னால் அபத்தம். ஆனால் தன் கணக்கை எல்லோரும் சரிபார்க்கும்படி திறந்து வைத்ததால்தான் அவரை நம்பினார்கள். நீங்களும் எந்த எண்ணை எங்கிருந்து எடுத்தீர்கள், எதை விட்டுவிட்டீர்கள் என்று கட்டுரையிலேயே எழுதுங்கள்.

உங்கள் தோழியின் விஷயம் தனி. அவருக்கு அதிகமாக வருகிறது என்பது பிரமை இல்லை. கார்டியன் நாளிதழ் 2016-ல் தன் தளத்தின் 7 கோடி கமெண்ட்டுகளை ஆராய்ந்தபோது, அதிகமாக வசவு வாங்கிய 10 எழுத்தாளர்களில் 8 பேர் பெண்கள், மீதி இருவர் கறுப்பின ஆண்கள். விளையாட்டு போல ஆண்கள் நிறைந்த பகுதிகளில் எழுதிய பெண்களுக்கு நீக்கப்பட வேண்டிய கமெண்ட்டுகள் கூடுதலாக வந்திருந்தன. அதே ஆண்டு சாரா ஸ்பெயின், ஜூலி டிகாரோ என்ற இரண்டு விளையாட்டுச் செய்தியாளர்கள் ஒரு வீடியோவில் வந்தார்கள். அவர்களுக்கு வந்த ட்வீட்டுகளை, எழுதாத வேறு ஆண்களிடம் கொடுத்து முகத்துக்கு நேரே படிக்கச் சொன்னார்கள். முதலில் சிரித்துக்கொண்டே படித்தவர்கள் போகப் போக நா தழுதழுத்து, நிமிர்ந்து பார்க்க முடியாமல், “இதைப் படிக்க முடியலை” என்கிற நிலைக்கு வந்தார்கள். விளையாட்டே பார்க்காதவர்கள்கூட அதைப் பார்த்துப் பதறினார்கள். திரையில் எழுத்தாகக் கிடக்கும்போது “நெட்ல இதெல்லாம் சகஜம்” என்று தாண்டிப் போகிற அதே பொதுமக்கள்தான்.

பெயர் போடுவதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும், நீங்கள் இருவரும் யோசனை சொல்லாதீர்கள். நீங்கள் செய்யக்கூடியது வேறு: அவர் கட்டுரைக்கு வரும் கமெண்ட்டுகளை அவர் பார்க்கவே வேண்டாம், நீங்கள் இருவரும் முறை வைத்துப் பார்த்து, ஆட்டம் சம்பந்தப்பட்ட நல்ல கேள்விகளை மட்டும் அவரிடம் கொடுங்கள். மிரட்டல் வந்தால் அழிப்பதற்கு முன் தேதி, பயனர் பெயர், இணைப்பு எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், அப்புறம் தளத்திடமும் காவல்துறையிடமும் புகார் கொடுங்கள். அவசரத்தில் அழித்துவிட்டுப் பிறகு ஆதாரம் தேடுகிறவர்கள் ஏராளம்.

மூடுவது? ஆட்கள் இல்லை, நேரம் இல்லை என்றால் தயங்காமல் மூடுங்கள், அது கோழைத்தனம் இல்லை. ஆனால் மூன்று பேர் இருக்கிறீர்கள், அந்தப் பனிக்காரரை இழப்பது எனக்கு நஷ்டமாகத் தெரிகிறது. முதலில் இன்றே, நாளிதழ் இணைப்புக் கொடுத்த அந்தக் கட்டுரைக்குக் கீழே இருப்பதைச் சுத்தம் செய்யுங்கள். இன்னும் ஆட்கள் அதன் வழியாகத்தான் வந்துகொண்டிருப்பார்கள்.

ஆசிரியரிடம் விளக்கம் கொடுக்கப் போகாதீர்கள். சுத்தம் செய்த பக்கத்தின் இணைப்பையும், எதை அனுமதிப்போம், எதை எடுப்போம் என்று நாலு வரியில் எழுதிய விதிகளையும், எத்தனை பேர் படிக்கிறார்கள், எத்தனை பேர் வம்பு செய்தார்கள் என்ற உங்கள் எண்களையும் அனுப்புங்கள். கூடவே நீங்களும் ஒன்று கேளுங்கள்: என் பத்தியை உங்கள் ஃபேஸ்புக் பக்கத்தில் பகிரும்போது அதற்குக் கீழே வருவதை யார் பார்த்துக்கொள்வார்கள்? ஊடக நிறுவனம் என்பதால் அதற்கென்று ஆள் இருப்பார் என்று நாமாக நினைத்துக்கொள்ளக் கூடாது. பதில் மழுப்பலாக வந்தால், வசவுகளை மறைக்கும் பொறுப்பு அவர்களுடையது என்று மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொண்டு பத்தியைத் தொடங்குங்கள், அதிலும் உங்கள் தோழியும் எழுதப்போகிறார் என்றால் கட்டாயம்.